கண் எரியாத புகை

அண்ணே,

உன் காரின் பழைய சைலன்சர் என் வீட்டு முன்கூடத்தில், விரித்துப் போட்ட நாளிதழின் மேல் கிடக்கிறது. பட்டறைக்கார மணியம் அதைப் பழைய இரும்போடு போடத்தான் இருந்தார். எனக்கு வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அம்பாங்கானிலிருந்து கோலா பிலா வரை என் காரின் பின்பெட்டியில் அது உருண்டுகொண்டே வந்தது. ஈரத் துருவின் வாடையும் அதற்கடியில் பழைய கரியின் வாடையும் வழியெல்லாம் இருந்தன. கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியாயிற்று. விரல் நுனியில் இன்னும் இருக்கிறது.

அதன் அடிப்பக்கத்தில் குறையில்லை. கீழே குனிந்து பார்க்கிற யாரும் நல்ல சைலன்சர் என்றுதான் சொல்வார்கள். மேல்பக்கத்தில், வண்டியின் தரைத் தகட்டை ஒட்டி யார் கண்ணிலும் படாமல் இருந்த பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. அதன்மேல் நீ வெட்டி விரித்துச் சுற்றிய பால் டின் தகரம். நான்கு இடத்தில் கம்பி முறுக்கு. நான்கும் ஒரே அளவு, ஒரே பக்கமாக மடக்கிவிட்டவை. உன் கைவேலை என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. தகரத்தின் இரண்டு ஓரத்திலும் கரி விசிறிபோலப் பரவிப் படிந்திருக்கிறது.

நேற்று மாலையிலிருந்து அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறந்துபோனவர்கள் கேட்கிறார்கள், பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அதற்காக நீ என்னைக் கேலி செய்ததும் நினைவிருக்கிறது. இருந்தாலும் இதை வேறு யாருக்கு எழுதுவது?

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருந்தபோது அந்தக் கார் துரை பங்களாவின் கொட்டகையில் நின்றது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, நீண்ட மூக்கு. கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது என்பார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு ஏழு வயது, உனக்குப் பத்து. கொட்டகைக் கதவின் இடுக்கில் மாறி மாறிக் கண் வைத்துப் பார்த்தோம். எனக்குத் தெரிந்தது தூசும் கோழி எச்சமும்தான். நீ மட்டும், "மூஞ்சியப் பாரு, சிரிக்குது" என்றாய்.

தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, லயத்து வரிசை வீடுகள் காலியாகி, நாம் சிரம்பானுக்கு வந்து, உனக்குக் கல்யாணமும் ஆன பிறகு, பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு லாரியோடு போனாய். திரும்பி வந்த லாரியின் மேல் அது இருந்தது. இருக்கையின் வயிற்றில் எலி குட்டி போட்டிருந்தது. அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கார் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். உங்கண்ணன் காரோட பொணத்த வாங்கிட்டு வந்திருக்காரு." நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஒரு வாரம் அண்ணி உன்னோடு பேசவில்லை.

தொழிற்சாலையில் மின்வேலை முடிந்து வந்த மாலைகளும், சனி ஞாயிறுகளும், நான்கு வருடம் அதன் அடியில் போயின. எழுந்து ஓட ஆரம்பித்தபோது அது எழுப்பிய சத்தம் கணீரென்று இருந்தது. வருடங்கள் போகப் போக அந்தச் சத்தம் கரகரத்தது. தொண்டை கட்டிய ஒரு ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வருவது போல. அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் உன்னுடையது என்று எடுத்துக்கொண்டோம். சனிக்கிழமை நான்கு மணிவாக்கில் நீ சிரம்பானிலிருந்து மலையைத் தாண்டி என் வீட்டுக்கு வருவாய். இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே எனக்குக் கேட்டுவிடும். தேநீருக்குத் தண்ணீரை வைத்துவிட்டுக் கேட்டைத் திறக்கப் போவேன். நான் திறப்பதற்கும் நீ திரும்புவதற்கும் சரியாக இருக்கும்.

இனிப் புகையைப் பற்றி.

அப்பாவுக்குப் புகைக்கூண்டில், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில், வேலை. ரப்பர் ஷீட்டுகள் மூங்கில்களில் வரிசையாகத் தொங்கும். வெளியே அடுப்பில் ரப்பர் மரக் கட்டை எரியும். தரைக்கடியில் போகும் குழாய் வழியாகப் புகை உள்ளே வரும். நாம் சாப்பாடு கொண்டு போவோம். உள்ளே யார் அதிக நேரம் நிற்பது என்று லயத்துப் பிள்ளைகளுக்குள் போட்டி, நீதான் ஜெயிப்பாய். கண் சிவந்து மூக்கு ஒழுக வெளியே வந்து, ஒன்றுமே இல்லை என்பாய். குழாய் எங்காவது விரிந்தால் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் முறுக்கி மண் பூசுவார்கள். சரியாக அடைபட்டதா என்று பார்க்க ஒரே சோதனைதான். ஒருவர் பக்கத்தில் போய் முகத்தை நீட்டுவார். கண் எரியாவிட்டால் வேலை முடிந்தது. அது ஒரு நல்ல சோதனை, அண்ணே. கட்டைப் புகை எங்கே கசிந்தாலும் கண் சொல்லிவிடும். ஆனால் நீ அந்தச் சோதனையைத் தோட்டத்தைவிட்டு வரும்போது கூடவே கொண்டுவந்துவிட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ போவதற்கு மூன்று வாரம் முன்பு, நல்ல மழை. சிரம்பானிலிருந்து என்னை வீட்டில் விட வந்தாய். கூரையைப் போட்டு, கண்ணாடி இரண்டையும் ஏற்றிவிட்டிருந்தோம். மலை ஏறும்போது எனக்குத் தலை வலித்தது. நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியது மாதிரி. தூக்கம் தூக்கமாக வந்தது. "ஒரு மாதிரி இருக்கு அண்ணே, புகை ஏதும் உள்ள வருதா?" என்று கேட்டேன். நீ சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் கேட்டாய்.

"கண்ணு எரியுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன புகை? மேல லேசா விட்டிருந்துச்சு, போன மாசமே டின்ன சுத்தி அடைச்சிட்டேன் லா."

நான் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். கண்ணை எரிக்காத, வாடையில்லாத, நிறமில்லாத ஒன்று அந்தக் குழாயிலிருந்து வரும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். இரத்தத்தில் உயிர்வளி உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது என்று மாணவர்களுக்குப் படம் வரைந்து காட்டுகிறவள். உன்னிடம் நான் சொன்னது எதுவுமில்லை. மழை கொஞ்சம் விட்டதும் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் படிக்க வேண்டும் என்று நீ மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டாய். அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் நான் எதையாவது திருத்தினால், "டீச்சரம்மா பாடத்த ஆரம்பிச்சிட்டாங்க, எல்லாரும் கை கட்டிக்குங்க" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குள் ஒன்று சுருங்கும். அதனால் உன்னிடம் பாடம் எடுப்பதை வெகுகாலத்துக்கு முன்பே விட்டுவிட்டேன். அடக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை என் மேசை விசிறியைப் பழுதுபார்த்து எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தாய். மழை. நான்கரை வரை கேட்டருகில் நின்றேன். சத்தம் வரவில்லை. மலைச்சாலையில், பழக்கடைகளுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டியிருந்தாய். கூரை போட்டபடி, கண்ணாடி ஏற்றியபடி, இயந்திரம் ஓடியபடி. மழை துடைப்பான் ஆடிக்கொண்டே இருந்தது என்று, கண்ணாடியைத் தட்டிப் பார்த்த லாரிக்காரர் சொன்னார். விசிறி பக்கத்து இருக்கையில் இருந்தது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவந்தவர் என்பதால் இருதயமாக இருக்கும் என்றார். குடும்பம் விரும்பினால் பிரேதப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றும் சொன்னார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அறுக்க வேணாம்னு சொல்லு பிள்ள. நீதான் படிச்சவ, நீ சொன்னா கேப்பாங்க." உன் மகள் தர்ஷினி சுவரைப் பார்த்து நின்றாள். ஒரு சின்னக் குப்பி இரத்தம் போதும், அறுக்கவே வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஒரு குப்பி எடுத்துப் பாருங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். "வேண்டாம் டாக்டர்" என்றேன். அது அண்ணிக்காகச் சொன்னது என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு சனிக்கிழமைகள் வந்தன. நான்கு மணிக்கு அந்தக் கரகரப்பு எனக்குக் கேட்கும். பழகிய சத்தத்தை மூளை தானே எழுப்பிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே எழுந்து போய்க் கேட்டைத் திறப்பேன். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் ஒருமுறை, யாரை எதிர்பார்க்கிறீர்கள் டீச்சர் என்று மலாயில் கேட்டார். குப்பை வண்டியை என்றேன்.

இரண்டு வருடம் உன் கார் அண்ணி வீட்டு முன்வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது. இந்த வருடம் தர்ஷினிக்கு வேலை கிடைத்தது. முதல் மாதமே, அப்பா காரை எடுத்து ஓட்டப்போகிறேன் என்றாள். அண்ணி அழுதாள், திட்டினாள், கடைசியில் அத்தை கூட நின்று பார்த்தால்தான் என்று ஒரு நிபந்தனை போட்டாள். அப்படித்தான் நான் அம்பாங்கானில் மணியத்தின் பட்டறையில் போய் நின்றேன். பிரேக்கும் டயரும் பெட்ரோல் தொட்டியும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். மிச்சம் எக்சோஸ், அந்தப் புகைக்குழாய்தான்.

"பசியாறினீங்களா டீச்சர்?" என்று உட்காரவைத்துவிட்டு, மணியம் மூன்று வழி சொன்னார். கம்பெனிக்காரன் அந்தக் காலத்தில் போட்ட மாதிரியே சாதா இரும்பு; நம் ஊர் மழைக்கு நாலைந்து வருடம் நிற்கும். ஸ்டென்லெஸ், வண்டி போனாலும் அது போகாது, ஆனால் சத்தம் கொஞ்சம் அடங்கி, வேறு மாதிரி இருக்கும். மூன்றாவது, பெரிய குழாய் வைத்த ஸ்போர்ட்ஸ். "அத மாட்டுனா அண்ட வூட்டுக்காரன் போலீஸ் ஸ்டேசன்லயே குடியிருப்பான்" என்றார்.

தர்ஷினிக்கு மூன்றும் வேண்டாம். "எனக்கு அப்பா வர்ற சத்தம்தான் வேணும் அங்கிள்" என்று கைப்பேசியை எடுத்தாள். நீ போவதற்கு எட்டு மாதம் முன்பு அவள் வாசலில் நின்று எடுத்த காணொளி. முதலில் சாலை மட்டும். அதன்பின் அது. என் வீட்டில் சனிக்கிழமைதோறும் எனக்குள்ளே கேட்டது, அங்கே எல்லோர் காதிலும் கேட்டது. மணியம் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். கைத்துணியைக் கீழே வைத்தார்.

"இது எந்த எக்சோஸ்லயும் வராதும்மா. இது ஓட்டைச் சத்தம்."

தர்ஷினி சிரித்துவிட்டாள். "அப்ப புதுசுல அதே மாதிரி ஒரு ஓட்ட போட்டுக் குடுங்க. சின்னதா."

மணியம் சிரிக்கவில்லை. வண்டியைத் தூக்கி, பழைய சைலன்சரை அவிழ்த்துக் கீழே இறக்கித் திருப்பிப் போட்டார். அந்தத் தகரம், அந்தக் கரி. வண்டியின் தரைத் தகட்டிலும் அதே இடத்தில் கரி; கியர் கம்பியைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்து, அந்த வழியாக மேலேயும் ஏறியிருந்தது. மெதுவாக என்னிடம், "கூரைய மூடிக்கிட்டு ஓட்டுவாரா டீச்சர்?" என்றார். "மழையில" என்றேன். அவர் தர்ஷினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் ஸ்டென்லெஸ் என்றேன். இயந்திரத்திலிருந்து வால் வரை எல்லாம் புதிது. ஒவ்வொரு இணைப்புக்கும் புது கேஸ்கெட். ஒட்டு, சுற்று, பூச்சு எதுவும் கூடாது. துணிக்கூரை வண்டியில் காற்று பின்பக்கத்திலிருந்து உள்ளே இழுக்கும் என்று மணியம் சொன்னதால், குழாயின் முனை பம்பரைத் தாண்டி இரண்டு விரல் வெளியே நிற்க வேண்டும். தரையில் இருக்கும் ஓட்டையெல்லாம் அடைபட வேண்டும். நான் அடுக்கிக்கொண்டே போனேன். தர்ஷினியின் முகம் வாடிவிட்டது. "அப்பா காரு மாதிரியே இருக்காது அத்தே" என்றாள். வெளியே வந்தபோது, தன் கூட்டாளி ஒருவனுக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறது, பிறகு அங்கே கொடுத்து ஒரு துளை போட்டுக்கொள்கிறேன் என்றாள், விளையாட்டாக. விளையாட்டு இல்லை என்பது அவள் குரலில் இருந்தது. அவள் உன் மகள். நினைத்தால் செய்வாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. ஒரு வாரம் பள்ளிக்குப் போய் வந்தேன். உன்னிடம் விழுங்கியதையே உன் மகளிடமும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நேற்று வண்டி தயார். அண்ணி நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி முதன்முதல் ஓடியபோது தோட்டத்து முனியாண்டி கோயில் முன்னால் நீ வைத்ததுபோலவே. நான் என் பையிலிருந்து கார்பன் மோனாக்சைடு அளக்கும் சிறு கருவியை எடுத்துக் கியருக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணி அதைப் பார்த்து, "இது என்ன, உன் சாமியா?" என்றாள். பழங்கள் நசுங்கி, வண்டி நகர்ந்தது. சத்தம் தாழ்ந்து, சீராக, யாருடையதும் இல்லாத ஒரு சத்தமாக இருந்தது.

மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றச் சொன்னேன். கருவியில் பூஜ்யம். வளைவுக்கு வளைவு பார்த்தேன். பூஜ்யம். பழக்கடைகள் வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அது எந்த இடம் என்று அவளுக்கும் தெரியும். இயந்திரத்தை அணைத்தாள்.

பிறகு சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் தலைவலியை, உன் பால் டின்னை, புகைக்கூண்டுச் சோதனையை, நான் கேட்காமல் விட்ட அந்தக் குப்பி இரத்தத்தை. இது நிரூபணம் ஆகாது என்றும் சொன்னேன். இருதயமாகவே இருந்திருக்கலாம். இனி யாராலும் அறிய முடியாது, அறிய முடியாமல் செய்தது நான். அதனால் எந்தக் கூட்டாளியிடமும் கொடுத்து எந்தத் துளையும் போடக் கூடாது என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் பேசினேன். எனக்கு வேறு குரல் வரவில்லை.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மழை ஓடும் கண்ணாடியைப் பார்த்தாள். என்னை வெறுப்பாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கும் தலை வலிக்கும் அத்தே" என்றாள். "மழைன்னா அப்பாதான் காலேஜ்ல விடுவாரு. எறங்குனதும் வாந்தி வர்ற மாதிரி இருக்கும். அம்மாகிட்ட சொன்னா கார வித்துடுவாங்க. அதான் சொல்லல."

இரண்டு வருடம். ஒரே காரில் உட்கார்ந்த இரண்டு பேர், ஆளுக்கொரு மூலையில் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். உனக்கும் வலித்திருக்கும், அண்ணே. உனக்கு வலிக்காமல் இருந்திருக்க முடியாது. கண் எரியவில்லையே என்று நீயும் உன்னிடமே சொல்லிக்கொண்டாய் போலிருக்கிறது.

நான் அவள் கையைத் தொட்டேன். நம் வீட்டில் யாரும் அப்படித் தொட்டுக்கொள்வதில்லை. அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். சாரல் அவள் முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. இயந்திரத்தை எழுப்பி, வண்டியைத் திருப்பினாள். திரும்பும் வழியில், மணியம் போட்டது இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

இனிச் சனிக்கிழமை நான்கு மணிக்கு எனக்கு அந்தச் சத்தம் கேட்குமா என்று தெரியவில்லை. கேட்டால் அது என்ன என்று இப்போது தெரியும். இத்தனை நாள் நான் கேட்டைத் திறந்துவிட்டது உனக்கா, அந்த ஓட்டைக்கா என்று யோசித்தேன். பிரித்துச் சொல்ல வரவில்லை. சத்தம் வந்தால் எழுந்து போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ பழுதுபார்த்த விசிறி இன்னும் ஓடுகிறது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நேற்று மலை ஏறிய நேரம் தவிர, நீ போன நாளிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும், யார் ஓட்டினாலும், எவ்வளவு மழை பெய்தாலும், என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் திறந்தே வைப்பேன். கூட வருகிறவர்கள் குளிர்கிறது, நனைகிறது என்பார்கள். மூடிவிடச் சொல்வார்கள். மூடமாட்டேன். பள்ளிக்குள் போகும்போது, மழைநாள்களில், என் சட்டையின் ஒரு கை மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும்.